காலியாகாத கடைசித் துண்டு

என் அக்கா எதற்குத்தான் பயப்பட மாட்டாள் என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. பல்லி, இடி, லிஃப்ட், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், சிரிக்காமல் பேசும் மனிதர்கள், எல்லாவற்றுக்கும் பயம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை நடந்துவிட்டு நிற்பாள். பிறகு திரும்பி ஓடிப்போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

"பூட்டு பிஞ்சு கையோட வந்தாத்தான் உனக்கு நிம்மதி" என்பார் அத்தான். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். பயம் வந்தால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வாள். வகுப்பில் டீச்சர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியும். ஆனால் கை மேலே வராது, அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். நானும் வாயில்லாப் பூச்சிதான். எனக்கு விடையும் தெரியாது என்பதால் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அக்கா பயந்து பயந்தே படித்தாள். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் எதையாவது விட்டிருப்போமோ என்று மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவாள். அப்படியே கம்ப்யூட்டர் படிப்பையும் முடித்துவிட்டாள்.

அவளுக்குக் கிடைத்த வேலை, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் கேட்டு ஊர் முழுக்க இருந்து வரும் அழைப்புகளை எடுக்கும் கட்டிடத்தில். இவ்வளவு பயந்த பெண்ணை அங்கே எப்படிச் சேர்த்தார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பின்னால் அதே கட்டிடத்தில் தரை துடைக்கவும் டீ கொடுக்கவும் அக்கா என்னையும் சேர்த்துவிட்டாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே அழைப்பெடுக்கும் பெண்களில் ஒருத்தி குயில். தொண்டை எப்போதும் கட்டியிருக்கும், அதனால் அந்தப் பெயர். அவள்தான் சொன்னாள்.

"மெஷினை நம்பாதவதான் மெஷினுக்குக் காவல் இருக்கணும். உங்க அக்காவை விட்டா அதுக்கு வேற நல்ல மாமியார் கிடைக்காது."

கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு பேசுவார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் குளிரூட்டிய சின்ன அறை. அங்கே அக்காவும், ஓர் அலமாரியில் இரண்டு இயந்திரங்களும். வரும் ஒவ்வொரு அழைப்பும் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும்.

நான் சொல்ல வந்த வாரத்தில் இரண்டில் ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. அலமாரியில் அது இருந்த இடம் பல் விழுந்த மாதிரி இருந்தது. அக்கா அந்த ஓட்டையின் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டாள். மீதி இருந்த ஒரே இயந்திரத்தில், ஓடும் பேச்சுகளை நினைவில் வைத்திருக்கும் மெமரித் தட்டுகள் நான்கு, முன்பக்கம் இழுப்பறை மாதிரி சொருகியிருக்கும். ஐந்தாவது இடம் காலி. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு பச்சை விளக்கு.

அதில் ஒரு தட்டு தப்புச் செய்ய ஆரம்பித்திருந்தது. எழுதி வைத்த எழுத்து எப்போதாவது ஒன்று மாறிவிடும். இயந்திரமே அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். திருத்தும் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு "டிக்" கேட்கும்படி அக்கா செய்து வைத்திருந்தாள். முதலில் நாளுக்கு ஒன்றோ இரண்டோ கேட்டது. அந்த வாரம் நான் அறையைத் துடைத்து முடிப்பதற்குள்ளேயே கேட்டது.

"ஒரு எழுத்து மாறினா திருத்திடும்" என்றாள் அக்கா. "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மாறிட்டா திருத்த முடியாது. மெஷின் அப்படியே நின்னுடும்."

"நின்னா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர்களைக் காட்டினாள்.

புதுத் தட்டு ஒன்று வந்து சேர்ந்தது. இயந்திரத்தை நிறுத்தாமல், பேச்சுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதியதைச் சொருகிப் பழையதை எடுக்க வேண்டும். எப்படி முடியும் என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"வீட்டுல ஆள் குடியிருக்கும்போதே ஒரு ரூமை இடிக்கிற மாதிரி, குட்டி. முதல்ல புது ரூமைச் சேர்க்கணும். சேர்த்தா மட்டும் பத்தாது, அதுல ஆள் வைக்கலாம்னு அவர் ஒத்துக்கணும். அப்புறம் பழைய ரூம்ல புது ஆள் யாரும் நுழையாம கதவை அடைச்சிட்டு, உள்ளே தூங்குறவங்களை ஒவ்வொருத்தரா எடுத்துட்டுப் போய் வேற ரூம்ல படுக்க வைக்கணும். தூங்குறவங்களுக்கே தெரியக் கூடாது."

அவர் என்று அவள் சொல்வது கெர்னலை. இயந்திரத்துக்குள் உட்கார்ந்து யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிற புரோகிராமுக்கு அதுதான் பெயர். அக்கா மரியாதை கொடுத்துத்தான் பேசுவாள். சாப்பாட்டு நேரத்தில் யோசனையாக "அவர் இன்னிக்கும் ஒத்துக்கலை" என்பாள். அத்தான் தட்டை நகர்த்திவிட்டு, "நான் எப்படி ஒத்துக்காம போனேன், என்னைக் கேட்டியா நீ?" என்பார்.

"எழும்ப மாட்டேன்னு யாராவது அடம் பிடிச்சா?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் பயமே. சிலரை நகர்த்த முடியாது. டிரிப் ஏறிட்டிருக்கிற ஆளை ஊசியோட இழுக்க முடியுமா? அந்த மாதிரி."

வேலையைத் தொடங்கிய அன்று மதியம் வெயில் ஜன்னல் வழியாகக் கூடத்தில் பாதி வரை விழுந்திருந்தது. அக்கா மணிக்கட்டில் மின்சாரம் பாயாமலிருக்கக் கட்டும் பட்டையை மாட்டிக்கொண்டு, என் பின்னலைப் பார்த்தாள்.

"ரிப்பனைக் கொடு."

"எதுக்கு?"

"திரையில அவர் பூஜ்யத்திலேருந்து எண்ணுவார். பெட்டியில ஒண்ணுலேருந்து நம்பர் ஒட்டியிருக்கு. கெட்ட தட்டுக்குத் திரையில ஒண்ணு. பெட்டியில அது ரெண்டு. எனக்கே குழம்பிடும்."

என் சிவப்பு ரிப்பனை இரண்டாம் தட்டின் பிடியில் கட்டினாள். கட்டிவிட்டு முதல் தட்டைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இதுல அவரே உட்கார்ந்திருக்கார். இதை மட்டும் ஓடும்போது எடுக்கவே முடியாது. எடுத்தா அந்த நொடியே எல்லாம் போச்சு."

அப்போது மேலாளர் வந்தார். எது நடந்தாலும் "சரி, அடுத்து?" என்பவர் என்பதால் அவருக்குப் பெயரே அடுத்து சார். கெட்டவர் இல்லை. எந்நேரமும் மூன்று போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடப்பவர்.

அக்கா புதுத் தட்டை ஐந்தாம் இடத்தில் வைத்து மெதுவாகத் தள்ளினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. தட்டு உள்ளே போய்ப் பிடித்த சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டாள். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மேசைக்குப் போய்ச் சில வரிகள் தட்டினாள். விளக்கு பச்சையாக நின்றது.

"சரி, அடுத்து?" என்றார் அடுத்து சார்.

அடுத்து, பழைய தட்டைக் காலி செய்ய வேண்டும். தட்டு முழுவதையும் இயந்திரம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தது. திரையில் அவை பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன. அக்கா சொன்னதும் ஒவ்வொரு கட்டமாகச் சாம்பல் நிறமானது. சாம்பல் என்றால் காலி. கூடத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சுகளை அவர்களுக்குத் தெரியாமலே யாரோ தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் டிக் சத்தம் அதிகமானது. அக்காவிடம் கண்ணாலேயே கேட்டேன்.

"நகர்த்தணும்னா எல்லாத்தையும் படிச்சாகணும் இல்ல. படிக்கப் படிக்கத் தப்பெல்லாம் வெளியே வருது" என்றாள். உதட்டின் மேல் வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாகின. கடைசியில் ஒன்று மட்டும் பச்சையாகவே நின்றது. அக்கா மறுபடி சொல்லிப் பார்த்தாள். முடியாது, ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடியும் அதே பதில்.

டிக்.

"என்னம்மா ஆச்சு?"

அக்கா திரையில் எதையோ தேடினாள். பிறகு கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தில் குயில் இருந்தாள். எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்து பேச, குயில் மட்டும் மேசையில் முழங்கை ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். ஒரு கை மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பேச்சு சார்" என்றாள் அக்கா. "பேச்சைப் பதிவு பண்ற அட்டை நேரா மெமரியில ஒரு இடத்துல ஊத்திட்டே இருக்கும். பேச்சு முடியற வரைக்கும் அந்த இடத்தை அசைக்க முடியாது. மத்த பழைய பேச்செல்லாம் முடிஞ்சிடுச்சு, புதுசெல்லாம் வேற தட்டுல போகுது. அது ஒண்ணுதான் பாக்கி. கெட்ட இடமும் அந்தத் துண்டுலதான் இருக்கு போல."

நான் டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். குயிலின் தொண்டை இன்னும் கட்டிப்போயிருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிறுத்தாதீங்கம்மா. நெஞ்சு நடுவுல, ரெண்டு கையையும் சேர்த்து. அழுத்துங்க. நான் இருக்கேன். ஒண்ணு, ரெண்டு." பக்கத்து இருக்கைப் பெண் என் காதில் சொன்னாள். யாரோ ஒரு அம்மா, வீட்டில் தனியாக. புருஷன் விழுந்துவிட்டார், மூச்சில்லை. ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சரக்கு ரயில்.

டீயை வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே திரும்பிக் கண்ணாடி அறைக்கு வந்து, கேட்டதை அக்காவிடம் சொன்னேன். அடுத்து சாரும் கேட்டார்.

டிக். டிக்.

"எப்படி அழுத்தணும்னு சொல்லிக் கொடுத்தாச்சு இல்ல" என்றார் அவர். "தொடர்ந்து அழுத்தச் சொல்லிட்டு வெச்சிட்டுத் திரும்பக் கூப்பிடலாமே. ஒரு நிமிஷ வேலை."

கூடத்துக்குப் போய்க் குயிலின் முன்னால் நின்று போனை வைப்பது போலச் சைகை காட்டினார். குயில் அவரைப் பார்க்கவே இல்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டாம் தடவை காட்டியபோது தலையை ஆட்டினாள், இல்லை என்று. எண்ணிக்கொண்டே தாளில் எதையோ கிறுக்கிக் காட்டினாள். திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவ வெச்சா அந்தம்மா அழுத்துறதை விட்டுடுவாங்களாம். போனை எடுக்கவே கை போயிடுமாம். எழுதிக் காட்டுறா." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, மெஷின் நின்னா அந்தப் பேச்சு மட்டுமா போகும்? மொத்தமும் போகும். எந்த வண்டி எங்கே நிக்குதுன்னுகூடத் தெரியாது. உங்களால இங்கேருந்தே அந்த ஒரு லைனைக் கட் பண்ண முடியும் இல்ல?"

"முடியும் சார்."

"பண்ணுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூடம் முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு வீடு. டிக் சத்தம் அடுத்த முறை கேட்குமா, அல்லது கேட்காமல் எல்லாத் திரையும் கறுத்துவிடுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஓர் அம்மா, முழங்கால் போட்டு, போனைத் தரையில் வைத்து, யாரோ எண்ணும் குரலுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

என் அக்கா இதுவரை யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. பேருந்தில் காலை மிதித்தவரிடம் அவளே மன்னிப்புக் கேட்பாள். அவள் திரையைப் பார்த்தாள். கை விசைப்பலகையை நோக்கிப் போனது. நடுவில் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்து, தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

அக்கா கைகளை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"காது கேக்குதா? ஏம்மா!"

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அவர் அவளுக்கு மேலாகக் குனிந்து விசைகளைப் பார்த்தார். எதை அழுத்துவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார்.

டிக். டிக் டிக். சற்று நேரம் ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாத அந்த நேரம்தான் கொடுமை. அடுத்த டிக் வந்ததும் மூன்று பேரும் மூச்சு விட்டோம். வேண்டாத சத்தத்துக்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து சாரால் நிற்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று இயந்திரத்துக்கு அருகே போய் நின்றார். "காலியானதும் சொல்லுங்க, நானே இழுக்கறேன். ஒரு நொடி வீணாகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு பிடியைப் பற்றினார். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதனால் அவர் எதைப் பற்றினார் என்று அவள் பார்க்கவில்லை. நான் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குயிலின் கை மேசையைத் தட்டுவது நின்றது.

அவள் நிமிர்ந்தாள். காதில் எதையோ கேட்டாள். "வந்துட்டாங்களா? அவங்ககிட்ட விடுங்கம்மா. விட்டுட்டு நகருங்க" என்று அவள் உதடு சொன்னது. பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

திரையில் கடைசிக் கட்டம் சாம்பலானது.

"காலி" என்றாள் அக்கா. குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. கைகளை வெளியே எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

அந்தக் காற்றும் அடுத்து சாருக்குக் கேட்டுவிட்டது. இழுக்கத் தோளைப் பின்னுக்கு வாங்கினார். ரிப்பன் கட்டிய பிடி அவருடைய முழங்கைக்குக் கீழே, விளக்கு அணைந்து, சும்மா இருந்தது. அவர் பிடித்திருந்தது அதற்கு முந்தையது. ஒன்று என்று எண் ஒட்டியது. விளக்கை அவருடைய உள்ளங்கை மூடியிருந்தது.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்ததை நான் பார்த்தேன். மணிக்கட்டுப் பட்டையின் கம்பி மேசையிலிருந்த குவளையை இழுத்துத் தள்ளியது. இரண்டு கையாலும் அவருடைய சட்டைக் கையைப் பற்றினாள்.

"அது இல்ல சார். அது அவர்."

அடுத்து சார் கல்லாக நின்றார். பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"திரையில ஒண்ணுன்னுதானே காட்டுச்சு..." என்றார். "அதுவும் இல்லாம, சிவப்பு கட்டியிருந்தா தொடாதேன்னுதானே அர்த்தம்."

அக்கா ரிப்பன் கட்டிய தட்டைப் பிடித்தாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். அணைந்த விளக்கைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். வாசல் பூட்டை எத்தனை முறை இழுப்பாளோ அத்தனை முறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

காற்றாடிகள் சட்டென்று உறுமின. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். குயில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி காதில் மாட்டிக்கொண்டிருந்தாள். திறந்த இடத்தை மூடும் தகட்டை அக்கா பொருத்தியதும் உறுமல் அடங்கியது. டிக் சத்தம் கேட்கவில்லை.

அடுத்து சார் கீழே கிடந்த குவளையை எடுத்து மேசையில் வைத்தார். அவர் அப்படி எதையும் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

"எங்கேருந்தும்மா வந்துச்சு அவ்வளவு தைரியம்? நான் கத்தறேன், நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருக்கீங்க."

"தைரியமெல்லாம் இல்லை சார்" என்றாள் அக்கா. தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "கை வெளியே இருந்திருந்தா நீங்க சொன்னதைச் செஞ்சிருப்பேன்."

அவர் "சரி" என்றார். அடுத்து என்று சொல்லவில்லை.

பணி முடிந்து போகும்போது குயிலிடம் கேட்டேன், அந்த மனுஷன் பிழைத்தாரா என்று. "கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு. நிறைய காலடி கேட்டுச்சு. அந்தம்மா போனை வைக்கக்கூட இல்லை, யாரோ எடுத்து வெச்சாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நமக்கு யார் சொல்லுவாங்க" என்றாள். அக்காவைப் பார்த்து, "உன் தட்டுல நான் ரொம்ப நேரம் குடியிருந்துட்டேனாமே. வாடகை கேப்பியா?" என்றாள். அக்கா சிரிக்க முயன்றாள். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. குயில் அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் அக்காவால் தட்டில் சோற்றைப் பிசைய முடியவில்லை. விரலில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. நடந்ததை நான் சொல்ல, அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை கெர்னலைப் பற்றி அவர் கேலி எதுவும் செய்யவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்துவந்து அவள் தட்டில் வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போனார்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் கிளம்பினோம். அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெருமுனைக்கு வந்ததும் வழக்கம் போல நின்றாள். வழக்கமாக நான் "வா, பஸ் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

அன்று இழுக்கவில்லை. "நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு, நானே திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.